பிள்ளைகளுக்குத் தெள்ளு

வால்தம்ஸ்டோ, லண்டன்
20.9.92

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. இருமல் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தைக் கடற்காற்று ஒத்துவராவிட்டால் லொட்ஜ் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாண்ட்விச் பக்ரறியில் வேலை தொடர்கிறது. உள்ளே ஃபிரிட்ஜுக்குள் நிற்பது போலிருக்கும். ஷிப்ற் முடிந்து வெளியே வந்தபிறகும் விரல்கள் என்னுடையவையாகத் தெரிவதில்லை.

வீட்டுக்கார மனிதர் மிஸ்டர் ஹாலிஸைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். முதலில் இருந்த இல்ஃபோர்டை விட்டு வந்த வாரம், ஒரு கடைக் கண்ணாடியில் ‘அறை உண்டு, மிருகங்களுக்குப் பயமில்லாதவர் வரலாம்’ என்ற அட்டையைப் பார்த்துத்தான் இங்கே வந்தேன். அந்த மிருகங்களைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதச் சொல் இல்லை. ஆங்கிலத்தில் ஃபெரெட். நீண்ட உடம்பு, குட்டைக் கால், கூர்மூக்கு. பார்த்தால் எங்கள் கீரிப்பிள்ளைதான். விலங்கியல் படித்தவள் இப்படி எழுதக்கூடாது, இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் மனதில் கீரிப்பிள்ளை என்றே வந்து, இப்போது கீரியும் விழுந்து பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. இனி அப்படியே எழுதுகிறேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று. முன்பு ஹாலிஸ் இவற்றைக் கொண்டுபோய் முயல் பிடிப்பாராம். இப்போது சும்மா வளர்க்கிறார்.

அவருக்குக் காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். போகிற அன்று என் கணுக்காலைக் காட்டி, “இது எத்தனை நாளாக?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் சிவப்புப் புள்ளிகள். தெள்ளுப்பூச்சிக் கடி. பிள்ளைகளின் உடம்பில் தெள்ளு, அதிலிருந்து வீடு முழுக்க. எனக்குக் கடித்ததே தெரியவில்லை மச்சாள்.

புண்ணுக்குக் கட்டுப் போட வீட்டுக்கு வருகிற நர்ஸ் வந்து பார்த்தார். தெள்ளு இருக்கிற வீட்டில் திறந்த புண்ணுக்குக் கட்டுப் போடமுடியாது என்று சொல்லிவிட்டார். தெள்ளு போகாவிட்டால் ஹாலிஸை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்களாம். வீடு கவுன்சிலுடையது, அதற்கே திரும்பும். பிள்ளைகளைக் கொல்ல ஊசி. எனக்கு அறை இல்லை.

அம்மாவுக்கு எழுதிய தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். யாராவது யாழ்ப்பாணம் போனால் வழமைபோலக் கொடுத்துவிடுங்கள். என்னைக் கட்டுவதாக இங்கே கூப்பிட்ட இராஜேந்திரனைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். கலியாணம் நடக்கவில்லை என்று நான்தான் அம்மாவுக்கு எழுதவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வரிக்காகத்தான் தாளை எடுக்கிறேன். பிறகு இங்கத்தைக் குளிரைப் பற்றி எழுதி மடித்துவிடுகிறேன். வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது.

மாமாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.
கௌரி

*

வெள்ளவத்தை
8.10.92

என்ரை மச்சாள் கௌரிக்கு,

இருமல் போட்டுது. அது போன கையோடை தடிமன் வந்து குந்தியிருக்குது. மற்றப்படி சுகம். உன்ரை விரலுக்கு நல்லெண்ணெய் தேய்.

அடியேய், எங்கடை குடும்பத்திலை கம்பஸ் படி மிதிச்ச முதல் ஆள் நீ. நீ பாஸ் பண்ணின அண்டைக்கு ஐயா கள்ளுத் தவறணையிலை நிண்ட ஆக்கள் எல்லாருக்கும் தன்ரை செலவிலை வார்த்தவர். இப்ப லண்டனிலை கீரிக்குத் தெள்ளுப் பாக்கிறாளெண்டு நான் என்னெண்டு அந்த மனுசனுக்குச் சொல்லுறது?

நாய்க்குப் போடுற பவுடர் வாங்கிப் போடு, போயிடும். இல்லாட்டிக் கற்பூரத்தை எண்ணெயிலை கரைச்சுப் பூசு. லொட்ஜ் மனேச்சர் பாலசுப்பிரமணியன் தன்ரை நாய்க்கு அதுதான் செய்யிறவராம். அவரின்ரை நாயைப் பாத்தனான். தெள்ளு இல்லைத்தான். மயிரும் இல்லை.

மாமிக்கு மீசாலை வீட்டை விட்டு அசையிற எண்ணமில்லை, உன்ரை அம்மாவல்லோ. கொழும்புக்கு வாங்கோ எண்டு எழுதி எழுதி என்ரை கை ஓய்ஞ்சு போச்சு. ஷெல் அடிச்சாலும் பங்கருக்குள்ளை இறங்க மாட்டாவாம், உள்ளுக்கை பூரானாம். உன்ரை தாளைச் சூசைதாசன் அண்ணையிட்டைக் குடுத்துவிட்டனான். அவர் மாதத்துக்கு ஒருக்கா எண்டாலும் போய் வாறவர். நம்பலாம்.

இராஜேந்திரன்ரை கதையை நான் வாய் திறக்கேல்லை. ஆனா நீ எழுது. மாமி இஞ்சை வாற ஆக்கள் எல்லாரிட்டையும் “மருமோன் எப்பிடி?” எண்டு கேட்டுவிடுறா. பொய் சொல்லுறேல்லை நான். தும்முறன்.

அன்பு மச்சாள்
செல்வமலர்

*

வால்தம்ஸ்டோ
25.10.92

அன்புள்ள மச்சாளுக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்களா? நான் சுகமாக இருக்கிறேன். எண்ணெய் தேய்த்தேன். பிறகு சாண்ட்விச் உறையெல்லாம் வழுக்கியது.

நாய்ப் பவுடர் பற்றி நீங்கள் எழுதமுன்பே அந்தப் பிழையை நான் செய்துவிட்டேன். சந்தையில் வாங்கி, பெண்பிள்ளையின் முதுகில் கைநிறைய அள்ளிப் பூசினேன். சிறிது நேரத்தில் அதற்குக் கால் நடுங்கியது. வாயில் நுரை. காட்போட் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார். வைத்தியர் என் வயதுப் பெண். முதலில் இளஞ்சூட்டு நீரில் அந்தப் பவுடரைக் கழுவி எடுத்தார். அது பிழைத்த பிறகுதான் என்னுடன் பேசினார். நாய் தாங்குகிற மருந்தை இந்தச் சின்ன உடம்பு தாங்காது. நாய்க்கும் பூனைக்கும் கழுத்தில் கட்டுகிற மருந்துப் பட்டியும் கூடாது. பூனைக்குட்டிக்கே போடக்கூடிய, தானே பார்த்துத் தருகிற பவுடரை மட்டும், கண்ணிலும் வாயிலும் படாமல், கொஞ்சமாகப் போடவேண்டும். இரண்டுக்கும் ஒரே நாளில். உங்கள் கற்பூரத்தைப் பற்றியும் கேட்டேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்றார்.

உடம்பில் தெரிகிற தெள்ளு கொஞ்சம்தானாம். மிச்சமெல்லாம் கார்பெற்றிலும் கூட்டில் போட்டிருந்த வைக்கோலிலும் இருக்கிறது. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்ற வாழ்க்கை வட்டம். கம்பஸில் வட்டமாகக் கீறி அம்புக்குறி போட்டு முழுப்புள்ளி எடுத்த படம். அது என் கால்மாட்டில் நடப்பதை நான் காணவில்லை. வைக்கோலை அள்ளிக் கட்டிக் குப்பைக்குக் கொடுத்தேன்.

(இரண்டாம் தாள்)

பிள்ளைகள் இரண்டும் இப்போது பரவாயில்லை. முந்தி இரவு முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தார்கள், உடம்பெல்லாம் கடி. குளிக்க வார்ப்பதுதான் பெரிய பாடு. சின்னவள் வழுக்கிக்கொண்டு ஓடி அலுமாரிக்குக் கீழே புகுந்துவிடுவாள். பெரியவன் கடிப்பான், பல் கூர். பிடரியில் பிடித்துத் தூக்கினால் மட்டும் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டு கொட்டாவி விடுவான். அடிக்கடி குளிக்க வார்த்தால் தோல் வறளுமாம், அதனால் பேன்சீப்புத்தான். அம்மா என் பெட்டிக்குள் வைத்துவிட்ட அதே சீப்பு. தினமும் வாரி, அகப்படுவதைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் போடுகிறேன். பால் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னார், வயிற்றால் போகும்.

படுக்கைக்கு மெத்தென்ற துணி வேண்டும். கிழமைதோறும் கொதிநீரில் போட்டு எடுக்கக்கூடியதாக. இங்கே எல்லாம் நைலோன். அம்மாவின் பழைய நூல்சீலை ஒன்று இருந்தால் போதும் என்று நேற்று நினைத்தேன்.

வேலையால் வந்ததும் இரண்டும் என் மடியில் ஏறிப் படுத்துவிடும். அப்போதுதான் கைக்குக் கொஞ்சம் சூடு வருகிறது.

அம்மாவுக்குத் தாள் உள்ளே இருக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கௌரி

*

வெள்ளவத்தை
6.12.92

கௌரி,

சுகமோ எண்டு கேக்கிறன். இதை வாசிச்சு முடிச்சாப்பிறகும் சுகமா இரு. எனக்கு ஒரு வருத்தமுமில்லை, மடைத்தனம் மட்டும்தான்.

சூசைதாசன் அண்ணை அவசரமா வெளிக்கிட்டு நிண்டவர். உன்ரை கடிதம் கட்டிலிலை பரந்து கிடந்தது. மாமிக்கு எழுதின தாள் எண்டு நினைச்சு உன்ரை ரெண்டாம் தாளை மடிச்சுக் குடுத்திட்டன். மாமியின்ரை தாள் என்ரை தலையணைக்குக் கீழை கிடக்குது. குளிரைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

மாமியின்ரை பதில் நேற்று வந்தது. அப்பிடியே எழுதுறன்:

“எடி செல்வம், ரெட்டைப் பிள்ளையே? எங்கடை பக்கம் இல்லை, மருமோன்ரை பக்கமாக்கும். பெத்த சேதி சொன்ன கடிதம் எந்தக் கடலுக்கை போச்சோ. ஓடித் திரியுதுகளாம், பல்லும் முளைச்சிட்டுதாம். இவள் பிள்ளையளைப் பிடரியிலை பிடிச்சுத் தூக்குறாளாம். சொல்லிக் குடுக்க ஒரு மனுசர் பக்கத்திலை இல்லாட்டி வேறை என்ன செய்வாள். பால் குடுக்க வேண்டாமெண்டு சொன்ன டொக்டரை மாத்தச் சொல்லு. நான் ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸுக்கு எழுதிக் குடுத்திட்டன். கொழும்புக்கு வந்து அங்காலை லண்டனுக்குப் போறன். சீலையள் கிழிச்சுக் கரை தைக்கிறன்.”

நான் கட்டிலிலை இருந்து சிரிச்சன். பிறகு சிரிக்க ஏலாமல் போச்சு.

கௌரி, கேள். நான் ரெண்டு வருஷமாக் கெஞ்சி நடக்காததை உன்ரை ஒரு தாள் செய்திருக்குது. மாமி அந்த வீட்டை விட்டு வெளிக்கிடப் போறா. நீ ஒண்டும் எழுதிப்போடாதை. கிளாலியிலை வள்ளம் ஏறி, கடலைத் தாண்டி, வவுனியா வந்து, ரெயிலிலை இஞ்சை வந்து சேரட்டும். வந்தாப்பிறகு நான் சொல்லுறன், பேச்சை நான் வாங்கிறன். கடலிலை நேவி சுடும், பயம்தான், நான் ஒளிக்கேல்லை. ஆனா சனம் வந்துகொண்டுதான் இருக்குது.

செல்வமலர்

*

வால்தம்ஸ்டோ
27.12.92

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் வந்தது. சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

பக்ரறி விடுமுறை. நாள்தோறும் ஹூவர் பிடித்துத் தூசி உறிஞ்சுகிறேன். கார்பெற் விளிம்பு, செற்றிக் கதிரையின் இடுக்கு, படிக்கட்டின் மூலைகள். பிடித்தவுடன் உள்ளிருக்கும் பையைக் கட்டி வெளியே போட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் அவை பைக்குள்ளேயே வளரும். அறைகளுக்கு மருந்து அடித்தேன். அந்த நேரம் பிள்ளைகளை வெளியே கொட்டிலில் விட்டு, தரை காய்ந்து, ஜன்னலெல்லாம் திறந்து காற்றுப் போனபிறகுதான் உள்ளே எடுத்தேன்.

ஆனால் கூட்டுப்புழுவை எந்த மருந்தும் எட்டாது. கூட்டுக்குள் அது சும்மா இருக்கும். வெறும் வீடு என்றால் மாதக்கணக்காக இருக்கும். சாகவில்லை, வளரவுமில்லை. யாராவது உள்ளே வந்து நடந்தால், காலடி அதிர்வில் வெளியே வரும். அதனால் வெறும் அறைகளுக்குள்ளும் நான் நடக்கிறேன். ஹாலிஸின் அறையில், மேல் அறையில், போய் வந்துகொண்டிருக்கிறேன். அவை வெளியே வரட்டும் என்று.

ஹாலிஸைப் பார்க்கப் போனேன். “கிட்ஸ் எப்படி?” என்று கேட்டார். அவரும் அப்படித்தான், பிள்ளைகள் என்று சொல்லுவார்.

இந்த முறை அம்மாவுக்குத் தாள் வைக்கவில்லை.

கௌரி

*

வால்தம்ஸ்டோ
10.1.93

அன்புள்ள மச்சாள்,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். தமிழ்க்கடையில் அரிசி வாங்கப் போனேன். கவுண்டரில் பேப்பர் கிடந்தது. கிளாலிக் கடலில் வள்ளங்களில் வந்த சனங்களைச் சுட்டிருக்கிறார்கள். பெயர்கள் போட்டிருக்கவில்லை. கடைக்காரர் அரிசியை நிறுத்து வைத்துவிட்டு, “தங்கச்சி, வேறை என்ன வேணும்?” என்று கேட்டார். அரிசியையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இத்துடன் ஒரு தாள். மடிக்கவில்லை. நீங்களும் வாசியுங்கள். யார் போனாலும் கொடுத்துவிடுங்கள். இதைத்தான் கொடுக்கவேண்டும், மாற்றிவிடாதீர்கள்.

‘அம்மா, எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் எழுதியது வீட்டுக்காரர் வளர்க்கிற கீரிகளைப் பற்றி. எனக்காகக் கடலில் இறங்கவேண்டாம். கௌரி.’

எழுதிப் பார்த்தால் நாலு வரிதான் மச்சாள்.

கௌரி

*

வெள்ளவத்தை
2.2.93

அன்பு கௌரிக்கு,

நான் நல்லா இருக்கிறன். நீ சாப்பிடுறியோ? அரிசியைப் போய் எடுத்தியோ?

உன்ரை தாள் வந்து சேந்தது. நான் குடுத்துவிடேல்லை. ஆள் கிடைக்கேல்லை எண்டு எழுதலாம், ஆனா பொய். சூசைதாசன் அண்ணை வாசலிலை வந்து “என்னவும் இருக்கோ பிள்ளை?” எண்டு கேட்டவர். தாள் கையிலை இருந்தது. இல்லையெண்டு சொன்னன்.

உனக்கு ஒண்டு எழுதாமல் விட்டனான். கார்த்திகையிலை மாமியின்ரை பக்கத்து வளவிலை ஷெல் விழுந்தது. கிணத்துக்கட்டும் வீட்டுக் கோடிப்பக்கமும் இடிஞ்சு போட்டுது. மாமி அண்டைக்கும் பங்கருக்கை இறங்கேல்லை. உள்ளை குந்தியிருந்து அரிசி களைஞ்சவவாம். உன்ரை நாலு வரியும் போயிருந்தால் என்ன செய்திருப்பா? பாஸைக் கிழிச்சுப் போட்டு அங்கையே இருந்திருப்பா. கடலிலை நடக்கிறது பேப்பரிலை வருது. வீட்டிலை நடக்கிறது வாறேல்லை.

மாமி வெளிக்கிட்டிட்டாவாம். எந்த நாள் எண்டு தெரியாது. வேறை சேதி இல்லை.

என்னோடை கோவமெண்டால் கோவி. பேசாமல் மட்டும் இராதை.

செல்வமலர்

*

வால்தம்ஸ்டோ
21.2.93

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். நான் சாப்பிடுகிறேன். அரிசியைக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார்.

போன கிழமை நர்ஸ் சொல்லித் தந்தபடி காலுக்கு நீண்ட வெள்ளை மேசோடு போட்டுக்கொண்டு எல்லா அறைக்குள்ளும் நடந்தேன். தெள்ளு இருந்தால் வெள்ளையில் கறுப்பாகப் பாயும். முழங்கால் வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிள்ளைகளை வாரினேன், சீப்பிலும் இல்லை. நர்ஸ் வந்தார், அவரும் மேசோடு போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு வீட்டில் தெள்ளு இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

ஹாலிஸ் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு காதுக்குள், வாலுக்குக் கீழே எல்லாம் பிரித்துப் பார்த்தார். “நான் இதைவிட நல்லாச் செய்திருக்க மாட்டேன்” என்றார். அவர் யாரையும் புகழ்வதில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பூனையைக் கொட்டில் பக்கம் விடக்கூடாது, அதிலிருந்துதான் தொற்றியது என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, “உன் முகம் சரியில்லை” என்றார். ஷிப்ற் என்றேன்.

நீங்கள் அந்தத் தாளைக் கொடுக்காமல் வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. இருக்கவேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தேன்.

ஏதாவது தெரிந்தால் தந்தி அடியுங்கள். எதுவென்றாலும்.

கௌரி

*

வெள்ளவத்தை
28.2.93

கௌரி,

புதன்கிழமை தந்தி அடிச்சனான், ‘அம்மா சுகமாக வந்தார்’ எண்டு. இது மிச்சம்.

மாமி அண்டைக்கு விடியக் காலமை லொட்ஜ் வாசலிலை வந்து நிண்டா. கால் ரெண்டும் வீங்கி, சீலை முழங்கால் மட்டும் உப்புப் படிஞ்சு. இடுப்பிலை ஒரு மூட்டை. பாலசுப்பிரமணியன் ஆரோ பிச்சைக்காரி எண்டு நினைச்சுச் சில்லறை எடுத்தவர். மாமி பாத்த பார்வையிலை சில்லறையைத் திரும்பப் பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டார்.

உள்ளுக்கை வந்து இருக்கவும் இல்லை. முதல் கேள்வி, “பிள்ளையளின்ரை படம் அனுப்பினவளோ?”

நான் சொன்னன். இராஜேந்திரன் ஹீத்ரோவிலை உன்னை வேண்டாமெண்டது, இல்ஃபோர்ட், கீரி, தாள் மாறினது, உன்ரை நாலு வரி, நான் ஒளிச்சது. எல்லாம் சொன்னன். அந்தத் தாளையும் கையிலை குடுத்தன்.

மாமி வாசிச்சா. மடிச்சா. “கால் கழுவ வேணும்” எண்டா. பைப்பைக் காட்டினன். கன நேரமாக் கழுவிக்கொண்டு நிண்டா.

அதுக்குப் பிறகு என்னோடையும் பேச்சில்லை. சாப்பிடுறா, படுக்கிறா. மூட்டையை அவிழ்க்கேல்லை. நேற்று மட்டும் பாலசுப்பிரமணியன்ரை நாயைப் பாத்து, “ஆர் இதுக்குக் கற்பூரம் பூசினது?” எண்டு கேட்டா.

உடம்பு தேறிவிடும். நீ கவலைப்படாதை எண்டு எழுத எனக்கு முகமில்லை.

செல்வமலர்

*

உ

வெள்ளவத்தை
19.3.93

அன்பான பிள்ளை கௌரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இருக்கிறன். கால் வீக்கம் வத்தீட்டுது. உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு உண்டோ.

நான் எழுதிக் கனகாலம். எழுத்துக் கோணும். செல்வம் எழுதித் தாறன் எண்டு கேட்டாள், வேண்டாமெண்டிட்டன்.

கடலிலை நல்ல இருட்டு. முன்னுக்குப் போன வள்ளத்துக்குச் சூடு விழுந்தது. எல்லாரையும் படுக்கச் சொன்னாங்கள். உடுப்புப் பை தண்ணிக்கை போட்டுது. துணி மூட்டை எனக்குக் கீழை இருந்தபடியாத் தப்பிச்சுது. பிள்ளையளுக்கு எண்டு கொண்டு வந்த துணி எண்டு அதை விடாமல் பிடிச்சிருந்தன்.

வந்து கேட்டால் பிள்ளை இல்லை. கலியாணமும் இல்லை. செல்வத்திலை எனக்குக் கோவம் இல்லை, அவள் என்னை அங்கையிருந்து எடுக்கப் பாத்தவள். அவன் வேண்டாமெண்டு விட்டால் விடட்டும், அவனுக்கு நான் சோறு போட்டு வளக்கேல்லை. நீ எனக்கு எழுதேல்லை. உன்னைப் படிப்பிச்சது எழுதத் தெரியவேணும் எண்டுதான். மாதம் மாதம் குளிர் எண்டு எழுதினாய். அதை நான் றேடியோவிலை கேப்பன்.

துணியளைப் பார்சல் பண்ணச் சொல்லிப்போட்டன். இஞ்சை வைச்சு நான் என்ன செய்யிறது. உன்ரை கீரியளுக்குப் போடு. நூல்சீலை, நாலு பக்கமும் கரை தைச்சிருக்கு. கொதிதண்ணியிலை போட்டாலும் சாயம் போகாது, போக ஒரு சாயமும் இல்லை. உப்பு மணம் இருக்கும், ரெண்டுதரம் அலசு. தெள்ளு முழுக்கப் போட்டுதோ. பிடரியிலை பிடிச்சுத் தூக்கிறது சரிதானாம், செல்வம் சொன்னாள். நான் தெரியாமல் பேசிப்போட்டன்.

என்ன நடந்தது எண்டு முதலிலை இருந்து எழுது. குளிரைப் பற்றி எழுதாதை.

அம்மா

*

வால்தம்ஸ்டோ
11.4.93

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எழுதிய கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்தன. எழுத்துக் கோணவில்லை. கால் வீக்கம் வற்றியது நல்லது. அதிகம் நடக்காதீர்கள். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

துணிகளை இரண்டுதரம் அலசினேன். மூன்றாம் தரமும் மணம் கொஞ்சம் இருந்தது. பிறகு கொதிநீரில் போட்டுக் காயவைத்துக் கூட்டுக்குள் விரித்தேன். சின்னவள் முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு துண்டைப் பல்லால் இழுத்துக்கொண்டுபோய் மூலையில் சுருட்டி அதற்குள் படுத்துவிட்டாள். பெரியவனும் போய் மேலே படுத்தான். ஹாலிஸ் கரைத் தையலைப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டார். என் அம்மா என்றேன். இவைகளுக்காகவா என்றார். ஓம் என்று சொன்னேன், தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

தெள்ளு முழுக்கப் போய்விட்டது என்றுதான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் துணி மாற்றும்போது கணுக்காலில் கடித்தது. எங்கேயோ கூட்டுக்குள் இருந்த ஒன்று. ஒன்று வந்தால் இன்னும் வரலாம், மறுபடி சீப்பும் ஹூவரும் எடுக்கவேண்டும். ஆனால் அம்மா, கடித்தது தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. இதை எழுதும்போதும் சொறிகிறேன்.

இனி நீங்கள் கேட்டது. இரண்டு தாள் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், போதாவிட்டால் இன்னும் எடுப்பேன். முதலில் இருந்து எழுதுகிறேன்.

இராஜேந்திரன் ஹீத்ரோவுக்கு வந்தார். என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். “பிரயாணம் எப்பிடி?” என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். காரை எடுக்காமல், ஸ்ரேறிங்கில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் சொன்னார்.